செல்லுலோஸ் தூள்: மலையிலிருந்து வந்த கேள்விகள்

கொடைக்கானல்: சீஸ் துருவி பாக்கெட் போடுகிறோம் சார். மறுநாளே ஒரே கட்டி. செல்லுலோஸ் தூள் எவ்வளவு சேர்க்கலாம்?

பதில்: 10 கிலோ துருவலுக்கு 150 முதல் 200 கிராம். செடாருக்கு 150 போதும்; ஈரம் கூடுதலான மொசரெல்லா என்றால் 200 பக்கம் போங்கள். ஆனால் அளவைவிடச் செய்முறைதான் முக்கியம். சீஸை 4 டிகிரிக்குக் குளிரவைத்துத் துருவுங்கள். துருவிய கையோடு, புரட்டிக்கொண்டே, சல்லடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். சீஸ் இளகியிருந்தால் கொழுப்பு கசிந்து தூள் அதில் குழைந்துவிடும். அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் உதிராது. தூள் அதிகமானால் வாயில் மாவு மாதிரி ஒட்டும், பீட்சாவில் ஒழுங்காக உருகாது. பூஞ்சையை இது தடுக்காது, அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

குன்னூர்: இது வெறும் மரத்தூள்தானே?

பதில்: இல்லை. மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ லிக்னின் (மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பொருள்), பிசின் எல்லாம் நீக்கி, வெளுத்து அரைத்தது. நம் குடலில் செரிக்காது, நார்ச்சத்தாக வெளியேறும். மாவு கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறியதும் டிங்க்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் இருக்கிறது.

கோத்தகிரி: மழைக்காலத்தில் மூட்டைக்குள்ளேயே கட்டி பிடிக்கிறதே, தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: பூஞ்சை வாடையோ புள்ளியோ இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 60 டிகிரியில் உலர்த்திச் சலித்துக்கொள்ளலாம். சோதிக்க, 10 கிராம் எடுத்து 105 டிகிரியில் 3 மணி நேரம் வைத்து, ஆறியதும் நிறுங்கள், 0.7 கிராமுக்கு மேல் குறைந்தால் ஈரம் வரம்பைத் தாண்டிவிட்டது. மூட்டையைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். குளிர்ந்த கிடங்கிலிருந்து கதகதப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே பிரித்தால் தூளிலேயே நீர் கோக்கும். அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

ஊட்டி: குளிருக்காக, மூட்டை கொட்டும் அறையில் கணப்புச் சட்டி வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

பதில்: இன்றே எடுத்துவிடுங்கள். மூட்டையாகக் கிடக்கும்போது மெதுவாகக் கருகும் பொருள்தான். காற்றில் மேகமாக எழும்பினால் வெடிக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் சில பத்து கிராம் மிதந்தாலே போதும். பயப்பட வேண்டியது கொட்டும்போது எழும் தூசுக்கு மட்டுமல்ல, உத்தரத்திலும் விளக்கு மூடியிலும் நாள்கணக்கில் படிந்திருப்பதற்கும்தான். முதல் சின்ன வெடிப்பு அதை உதறிவிடும். இரண்டாவது வெடிப்பில்தான் கூரை போகும். துடைப்பமும் கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். வெடிக்கக்கூடிய தூசை உறிஞ்சுவதற்கென்றே செய்த வேக்குவம் கிளீனரோ ஈரத்துணியோ போதும். மூட்டையை உயரத்திலிருந்து கவிழ்க்காமல், வாயைத் தொட்டிக்குள் இறக்கிச் சரியவிடுங்கள். ஜனவரிக் குளிரில் காற்று உலர்ந்திருக்கும்போது நிலை மின்சாரம் சேரும், உலோகத் தொட்டிக்கு எர்த் கொடுங்கள். தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்சாதீர்கள், தூள் கிளம்பும், பூந்தூறலாகத் தெளியுங்கள். தூள் விஷமில்லை, ஆனாலும் நுரையீரலுக்கு வேலை வைக்கும். துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள்.

அருவங்காடு: எங்கள் ஊர் கார்டைட் ஃபேக்டரியில் செய்கிற சாமானும் இதுதான் என்கிறார்களே?

பதில்: மூலம் ஒன்று, பொருள் வேறு. செல்லுலோஸை நைட்ரிக், சல்ஃப்யூரிக் அமிலக் கலவையில் வினைப்படுத்தினால் நைட்ரோசெல்லுலோஸ், கார்டைட் வெடிமருந்தில் சேர்வது அதுதான். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கும். உங்கள் தூளுக்கு வெளிக்காற்று வேண்டும். ஆனால் ஆக்சிஜன் தந்து தீயைத் தூண்டும் பிளீச்சிங் பவுடர், வெடியுப்பு, நைட்ரிக் அமிலம் எதையும் இந்த மூட்டைகளோடு ஒரே கிடங்கில் வைக்காதீர்கள்.