தண்ணியப் பாக்க கிளம்புறதுக்கு முன்ன: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

மலேசியாவுல பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்ல இருந்து வேன் எடுத்துட்டு குடும்பம் குடும்பமா ஏரி, ஆறு, கடலோரம்னு கூட்டிட்டு போறதுதான் இருவது வருசத்துக்கு மேல என் வேலை. அப்பா பால்மரம் வெட்டுன தோட்டத்துல ஒரு குட்டை இருந்துச்சி, ஞாயித்துக்கிழமைன்னா தூண்டில தூக்கிட்டு அங்கதான் கிடப்போம், அப்ப புடிச்ச ஆசை இன்னும் விடல. லீவு வந்தா எல்லாரும் எங்கிட்ட கேக்குறது "எங்க போலாம்"னுதான், ஆனா தண்ணி இருக்குற இடத்துக்கு எங்கன்றத விட எப்பன்றதுதான் முக்கியம், கீழ உள்ள பதிலப் படிச்சா ஏன்னு உங்களுக்கே புரியும்.

மின்மினி பாக்க போனோம், நாலு மரத்துல லேசா மினுக்குனதோட சரி. தலைக்கு காசு குடுத்து ஏமாந்துட்டோமா அண்ணே?

ஏமாத்தல தங்கச்சி, நீங்க போன நாள்தான் தப்பு. தைப்பூச லீவுல போனதா எழுதியிருக்கீங்க, தைப்பூசம் பௌர்ணமிய ஒட்டி வர்ற நாள், வானத்துல அவ்ளோ பெரிய நிலா காயும்போது மின்மினி வெளிச்சம் எங்க தெரியும். இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன், வேன் ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல பூச லீவுல ரெண்டு வேன் நிறைய ஆளுங்கள கோலசிலாங்கூர் கம்போங் குவாந்தானுக்கு கூட்டிட்டு போனேன், திரும்பி வரும்போது ஒரு பாட்டி ஒண்ணும் பேசாம சன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாங்க, அந்த முகம் இன்னும் கண்ணுல நிக்குது. அன்னையில இருந்து தமிழ் காலண்டர் பாக்காம மின்மினிக்கு தேதி வைக்கிறதே இல்ல.

கணக்கு இதுதான். வளர்பிறையில பொழுது சாயும்போதே நிலா மேல நிக்கும், ஆகாது. பௌர்ணமி கழிஞ்சி நாலஞ்சு நாள் ஆச்சின்னா நிலா பத்து மணிக்கு மேலதான் கிளம்பும், நீங்க எட்டு மணிக்கு போட்ல ஏறி இறங்கி சாப்பிட்டும் முடிச்சிடலாம். அதனால தேய்பிறை பாத்து போங்க, அமாவாசை தாண்டி ரெண்டு மூணு நாள் வரைக்கும் நல்லா இருக்கும். லீவுலதான் போக முடியும்னா தீபாவளி லீவுல போங்க, அது அமாவாசைய ஒட்டி வர்றது, நல்ல இருட்டு, மழை மட்டும் விடணும். விசாக லீவு வேணாம், அதுவும் பௌர்ணமி.

அந்தப் பூச்சி பெரும்பாலும் பெரெம்பாங் மரத்துலதான் கூடும், ஆத்தோரம் உப்பும் நல்ல தண்ணியும் கலக்குற இடத்துல வளர்ற மரம் அது. இருட்டு நாள்ல சம்பான் அந்த மரத்துக்கு கீழ போயி நிக்கும்போது பாருங்க, மொதல்ல அங்கொண்ணு இங்கொண்ணா மினுக்கும், கொஞ்ச நேரத்துல ஒரு கிளை முழுக்க ஒரே நேரத்துல எரிஞ்சி ஒரே நேரத்துல அணையும், யாரோ சுவிட்ச் போட்டு போட்டு அமத்துற மாதிரி. ஆண் பூச்சிங்க பொண்ணு பூச்சியக் கூப்புடறதுக்கு அப்டி சேந்து மினுக்குதுங்க. அந்த நேரத்துல போன்ல ஃபிளாஷ் அடிக்காதீங்க, டார்ச் அடிக்காதீங்க, பூச்சிய புடிச்சி பாட்டில்ல போடாதீங்க. மரத்த வெட்டி ஆத்தோரத்த மொட்டையாக்குனா அதுங்களுக்கு போக்கிடமே கிடையாது.

கோலசிலாங்கூர் ரொம்ப தூரம், மின்மினி பாக்க பேராக்லயே இடம் இருக்கா?

இருக்கு, கோல செப்பேத்தாங். தைப்பிங்ல இருந்து கொஞ்ச தூரம்தான், ராத்திரி போட்ல மின்மினி காட்டுறாங்க. ஆனா ராத்திரிக்குன்னு மட்டும் போகாதீங்க, மத்தியானமே போயிடுங்க. மாத்தாங் சதுப்புக்காடு நாப்பதாயிரம் ஹெக்டர், நூறு வருசத்துக்கு மேலயா பாதுகாத்து வச்சிருக்காங்க, பாக்காவ் மரத்த முப்பது வருசம் வளர விட்டு வெட்டி மறுபடி நட்டு அப்டியே சுத்தி சுத்தி வர்றாங்க. அந்த மரத்தக் கரியாக்குற சூளைங்க குடிசை மாதிரி உருண்டையா நிக்கும், வாசல் கிட்ட போனாலே புகை வாசம் சட்டையில ஏறிடும். தோட்டத்துல விறகடுப்புல சமைச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு அந்த வாசம் என்னமோ பண்ணும்.

அங்க இன்னொண்ணு தேடிப் பாருங்க. அந்த ஊருக்கு பழைய பேரு போர்ட் வெல்ட், மலாயாவுலயே மொத ரயில் 1885ல தைப்பிங்ல இருந்து அங்கதான் ஓடுச்சி. ரயில் எப்பவோ நின்னுபோச்சி, ஸ்டேசன் பேர் பலகை மட்டும் இன்னும் நிக்குது, அதுல தமிழ்லயும் பேரு இருக்கு. பிள்ளைங்கள அத எழுத்துக்கூட்டி படிக்கச் சொல்லுங்க.

எழுவது வயசு அம்மாவ பெலும் காட்டு ஏரிக்கு கூட்டிட்டு போலாமா? முட்டி வலி இருக்கு.

தாராளமா போலாம் தம்பி, ஆனா தீவு தீவா இறங்கி நடக்குற பேக்கேஜ் எடுக்காதீங்க, ரஃப்லேசியா பூ பாக்க காட்டுக்குள்ள ஏறணும், அட்டை கடிக்கும், அம்மாவால முடியாது. போட்ல சுத்தி வர்றதே போதும், இல்லன்னா மிதக்குற வீட்டுல ஒரு ராத்திரி தங்குங்க, கக்கூஸ் உள்ளயே இருக்கான்னும் படகுத்துறையில இருந்து போட்ல கால் வைக்கிற இடம் எவ்ளோ உயரம்னும் போன்லயே கேட்டுக்குங்க.

நீங்க கேக்குற பெலும் பக்கத்து ஏரிக்கு பேரு தெமெங்கோர், அணை கட்டுனதால உண்டானது, எழுவதுகள்ல. அதான் தண்ணி நடுவுல பட்டுப்போன மரம் குச்சி குச்சியா நிக்கும், நீங்க தீவுன்னு பாக்குறதெல்லாம் ஒரு காலத்துல மலை உச்சி. கிரிக்ல இருந்து கிழக்க போற ரோட்டுக்கு வடக்க இருக்கிறது ரோயல் பெலும், அதுக்குள்ள போக பெர்மிட் வேணும், ஐசி (அடையாள அட்டை) விவரம் எல்லாம் முன்கூட்டியே போட் காரங்ககிட்ட குடுத்துடுங்க, அன்னைக்கு போயி நின்னு கேட்டா கிடைக்காது. வண்டிக்கு பெட்ரோல் கிரிக்லயே நிரப்பிக்குங்க. பண்டிங் பாலத்துக்கு பகல்லயே போயி சேருற மாதிரி கிளம்புங்க, ராத்திரி அந்த ரோட்ட யானை கடக்கும், வளைவுல திரும்புனா முன்னால நிக்கும். அம்மாவ காலையில ஆறரைக்கு எழுப்பி வெளிய ஒக்கார வைங்க, தண்ணி மேல பனி படுத்திருக்கும், அந்தப் பக்கக் காட்டுல இருந்து இருவாச்சி பறந்து வரும்போது றெக்க சத்தம் அவ்ளோ தூரம் கேக்கும். மத்தியானம் மூணுக்கு மேல காத்து மழை வரும், அப்ப போட்ல இருக்காதீங்க.

போற வழியில லெங்கோங் பக்கம் தாசேக் ராபான்ல நிறுத்தி சாப்பிடுங்க, தாசேக்னா மலாய்ல ஏரி. அது 1930ல கட்டி முடிச்ச சென்டெரோ அணையோட தண்ணி. ஆத்து மீன் கொழம்பும் புளிக்க வச்ச மீனான பெக்காசாமும் கிடைக்கும், புளிப்பு புடிச்சவங்க விட மாட்டாங்க.

பிள்ளைங்க ஏரியில குளிக்கணும்னு அடம் புடிக்கிறாங்க.

ஆளு பாத்துக்குற, இங்க குளிக்கலாம்னு சொன்ன இடத்துல மட்டும், லைப் ஜாக்கெட்டோட. அணை ஏரின்றது மலைச்சரிவுல தண்ணி நிறைஞ்சது, கரையில முட்டி அளவு இருக்கும், ரெண்டு எட்டு வச்சா பாதாளம். கால்ல புண்ணு இருந்தா இறக்கவே வேணாம், எலிக்காய்ச்சல் அப்டித்தான் வருது. நம்ம பக்கம் இருக்குற பழைய ஈய லம்பக் குட்டைங்க, அதாவது ஈயம் தோண்டுன பள்ளத்துல தண்ணி நின்ன குட்டைங்க கிட்ட போகவே போகாதீங்க, நான் கெஞ்சிக் கேக்குறேன். தண்ணி பச்சையா அழகா இருக்கும், கரை மண்ணு காலுக்கு கீழயே சரியும். என்கூட ஆறாவது வரைக்கும் படிச்ச பையன் ஒருத்தன் அப்டித்தான் போனான், அவங்க அம்மா அந்தப் பக்கம் ரோட்டுலயே நடக்கமாட்டாங்க.

இன்னொண்ணு, ஒரு தடவ ஒரு போட்ல ஜாக்கெட் எல்லாம் ஒண்ணா கட்டி கூரையில சொருகி வச்சிருந்தாங்க, கேட்டா ஆபத்துன்னா அவுத்து தர்றேன்றாங்க. நான் எல்லாரையும் இறக்கிட்டேன், குடுத்த காசும் திரும்பி வரல. அந்த முடிவுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

தாசேக் சினியில தாமரை எந்த மாசம்?

ஜூன்ல இருந்து செப்டம்பர்னு சொல்லுவாங்க. ஆனா பழைய போட்டோவ நம்பிப் போகாதீங்க. தொண்ணூறுகள்ல தண்ணி வத்தாம இருக்கணும்னு சினி ஆத்துல குறுக்க தடுப்பு கட்டுனாங்க, ஏறி இறங்கிட்டு இருந்த தண்ணி ஏறுனபடியே நின்னு கரையில இருந்த மரமெல்லாம் பட்டுப்போச்சி, அப்பறம் சுத்தி சுரங்கம், செம்பனைன்னு வந்து மழை பேஞ்சா செம்மண்ணுதான் எறங்குது. 2009ல யுனெஸ்கோ அத உயிர்க்கோளக் காப்பகமா அறிவிச்சும் தாமரை பழையபடி வரல. அங்க காலங்காலமா இருக்குற ஜக்கூன் பூர்வகுடி மக்களுக்குத்தான் பெரிய நட்டம். போனா அவங்க போட்லயே ஏறுங்க, காசு அவங்க கைக்கு போகட்டும். அமைதியான ஏரிதான் வேணும்னா தாசேக் பெரா போங்க, நாட்டுலயே பெரிய இயற்கை நன்னீர் ஏரி, 1994ல ராம்சார்ன்ற உலக ஈரநிலப் பட்டியல்ல நம்ம நாட்டுல இருந்து மொதல்ல சேந்தது அதுதான்.

டிசம்பர்ல கென்யிர் ஏரிக்கு போலாமா?

வேணாம். கிழக்குக் கரையில அது அடமழை மாசம். மார்ச்சுக்கு மேல போங்க.

ஆலப்புழை படகு வீட்டுல தங்க ஆசை, ராத்திரி முழுக்க படகு ஓடுமா?

ஓடாதுக்கா, இது தெரியாம போயி சண்டை போட்டவங்க நிறைய பேரு. மத்தியானம் ஏத்துவாங்க, சாயந்திரம் அஞ்சரை வாக்குல ஓரம் கட்டிடுவாங்க, அதுக்கு மேல மீன்காரங்க வலை போடுற நேரம், காலையில கொஞ்சம் ஓட்டி ஒம்பது மணிக்கெல்லாம் இறக்கி விட்டுடுவாங்க. ஏசி சில படகுல ராத்திரிக்கு மட்டும்தான், காசு கட்டுறதுக்கு முன்ன கேட்டுக்குங்க. கெட்டுவள்ளம்ன்றது அரிசி மூட்டை ஏத்துன படகு, ஆணி இல்லாம கயித்துலயே பலகைய தைச்சிருப்பாங்க, கூட போறவங்களுக்கு அதக் காட்டுங்க. பக்கத்துல குட்டநாட்டு வயல் தண்ணி மட்டத்துக்கும் கீழ இருக்கும், படகுல ஒக்காந்துட்டு வயல குனிஞ்சி பாப்பீங்க. கை சுருக்கமா போறவங்க ஆலப்புழையில இருந்து கோட்டயத்துக்கு போற அரசாங்கப் படகுல ஏறுங்க, ரெண்டரை மணி நேரம், ஸ்கூல் பிள்ளைங்க, கடைக்கு போறவங்க எல்லாம் ஏறி இறங்குவாங்க. எனக்கு அதான் ரொம்ப புடிச்சது. நவம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல காலம், ஜூன் ஜூலை மழை.

மட்டக்களப்புல மீன் பாடுமாமே, நெசமா?

ஊர் பேருலயே களப்பு இருக்கு பாருங்க, கடலும் நல்ல தண்ணியும் கலக்குற அந்த வாவியத்தான் அவங்க களப்புன்றாங்க. கல்லடிப் பாலத்துகிட்ட ராத்திரி சத்தம் அடங்குனப்பறம் தண்ணிக்குள்ள இருந்து ரீங்காரம் மாதிரி கேக்குதுன்னு காலங்காலமா சொல்றாங்க, மீனுன்னு சிலர், சிப்பின்னு சிலர். மின்மினிக்கு சொன்னதுக்கு நேர் எதிரா இதுக்கு பௌர்ணமி ராத்திரி பாத்து போகணும். தோணியில போயி துடுப்போட ஒரு முனைய தண்ணியில விட்டு மறு முனைய காதுல வச்சி கேக்குறது அந்த ஊர் வழக்கம். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அங்க மழையும் வெள்ளமும், அந்த மாசங்கள விட்டுடுங்க. போறவங்க தோணிக்காரர்கிட்ட மோட்டார அமத்தச் சொல்லிட்டு கால் மணி நேரமாவது பேசாம ஒக்காருங்க.