துண்டு முனையில் முடிந்த சீனி

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளை. ஈப்போவில் தாதியர் டிப்ளோமா இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 14 வயதிலிருந்து முதல் வகை இனிப்புநீர் (நீரிழிவு). தினமும் நான்கு இன்சுலின் ஊசி. வார்டு பயிற்சியில் ஷிப்ட் அடிக்கடி மாறுகிறது. இரவு ஷிப்ட் வந்தால் ஊசி நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது? சீனி இறங்கி வார்டில் மயங்கி விழக்கூடாது என்று ஊசி அளவைக் குறைத்து, இரத்தச் சீனியை 15-க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கல்லூரி அலுவலகத்தில் தெரியும். வார்டில் யாருக்கும் தெரியாது. வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்கிறார் அம்மா. கழிவறையில்தான் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

க.

அன்புள்ள க.,

மாப்பிள்ளை பேச்சை ஓரமாக வை. அதற்கெல்லாம் காலம் கிடக்கிறது.

15 என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அது நம் மலேசியக் கணக்கு (mmol/L); தமிழ்நாட்டுக் கணக்கில் (mg/dL) அது 270. ஒரு நோயாளி உன்னிடம் வந்து, வேண்டுமென்றேதான் இப்படி ஏற்றி வைத்திருக்கிறேன் என்றால் சும்மா விடுவாயா? கண்ணையும் சிறுநீரகத்தையும் பற்றி நீதானே அவருக்குப் பாடம் எடுப்பாய்? படித்த பிள்ளை செய்கிற காரியமா இது!

நீண்டநேர இன்சுலின் ஏறக்குறைய 24 மணி நேரம் வேலை செய்யும். மூன்று ஷிப்ட்டுக்கும் ஒத்துவருகிற ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு, தினமும் அதே நேரத்துக்குப் போடு. நேரம் மாறுவது சாப்பாட்டு ஊசிதான். அது சாப்பாட்டோடு போகும். அளவுக்கு, டூட்டி அட்டவணையை எடுத்துப்போய் உன் டாக்டரிடம் காட்டு. சாப்பிடவில்லை என்பதற்காக நீண்டநேர ஊசியை மட்டும் நீயாக விட்டுவிடாதே.

மறைக்கிறாய் பார், அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. இனிப்புநீர்க்காரி. வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும் என்பதால் விடியுமுன்பே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தெரிந்தால் புல் வெட்டப் போட்டுவிடுவார்கள், சம்பளம் குறையும் என்று பயம். இடுப்பில் கட்டிய துண்டின் முனையில் ஒரு பிடி சீனியை முடிந்துவைத்திருப்பார். மர நிரை பாதி முடிவதற்குள் வியர்வையில் அது பாகாகிவிடும். இரத்தச் சீனி இறங்கிக் கை நடுங்கும்போது மரத்துக்குப் பின்னால் போய்த் துணியை வாயில் வைத்துச் சப்புவார்.

பள்ளி விடுமுறை ஒன்றில் ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்த பால்) பொறுக்க நானும் போயிருந்தேன். முடிச்சை அவிழ்க்க முடியாமல் அம்மா உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்தார். முனி அடித்துவிட்டது என்று யாரோ திருநீறு பூசினார்கள். எனக்கு விஷயம் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்ததால் வாயைத் திறக்காமல் நின்றேன். தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் சொன்னேன். அம்மா பிழைத்துக்கொண்டார். அன்று நின்ற அந்த நேரம் எனக்கு இன்னும் போகவில்லை.

சீனி 4-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. உனக்குத் தெரியாததா? ஆனால் இன்னும் இறங்கினால் முதலில் தடுமாறுவது புத்திதான். பையில் குளுக்கோஸ் இருப்பதே மறந்துபோகும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிற மிசிக்கு (தாதிக்கு) விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உன் கையில் அப்போது இன்னொருவருடைய மருந்து இருக்கலாம். பயிற்றுநரிடம் போய்ச் சொல். கூடப் படிக்கிற ஒருத்தியிடமாவது சொல். ஊசியைக் கழிவறையில் போடாதே, ஓய்வறையில் உட்கார்ந்து போடு. நோயாளிக்குக் கழிவறையில் வைத்தா ஊசி போடுகிறாய்?

அம்மாவின் துண்டு கொடியில் காயும்போது அந்த முனையில் மட்டும் எறும்பு மொய்க்கும். லயத்து வீடுகளில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்! ஒருவரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

குளுக்கோஸைச் சீருடையின் மேல் பையில் வை. வெளியே தெரியட்டும்.