மெஸ்காலில் புகை வாடை ஏன்?

கேள்வி: நட்சத்திர ஹோட்டல் பாரில் குடித்த மெஸ்கால் மார்கரிட்டா காக்டெயிலில் புகை வாடை அடித்தது. சரக்கு கெட்டிருக்குமா? வீட்டில் கலந்தால் சப்பென்று தண்ணீராகிவிடுகிறதே? – வாசகர், அடையாறு

பதில்: கெடவில்லை. அந்தப் புகைக்குத்தான் காசே. மெஸ்கால் என்பது கற்றாழை இனச் செடியிலிருந்து வடிக்கும் மது. மெக்சிகோவில், பெரும்பாலும் வஹாகா மாநிலத்தில், ஆனைக்கற்றாழை இனச் செடிகளின் மடல்களைச் சீவிவிட்டு, அன்னாசி போன்ற நடுத்தண்டை மண்குழியில் சுடுகற்கள் மேல் அடுக்கி, மூடி, சில நாட்கள் வேகவிடுவார்கள். புகை அங்கேதான் ஏறுகிறது. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு மெக்சிகோ மதுவான டெக்கீலாவுக்கு நீலக் கற்றாழை மட்டும்தான். அதையும் பெரும்பாலும் ஆவியில் வேகவைப்பதால் இந்த வாடை இல்லை. பாட்டிலில் புழு கிடந்தால் உயர்ந்த சரக்கு என்பதெல்லாம் சும்மா.

தண்ணீராவதற்குக் காரணம் ஐஸ். சென்னை வெக்கையில் ஐந்து நிமிடம் வெளியே வைத்தாலே அது கசியத் தொடங்கிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு பெரிய கட்டிகளாகப் போடுங்கள். மெஸ்கால் 45 மி.லி., ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 20, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 20. பன்னிரண்டு விநாடி பலமாகக் குலுக்கி வடிகட்டினால் போதும். சாறு பிழியும்போது தோலை அழுத்தித் தேய்த்தால் கசக்கும். உப்பு, கோப்பை விளிம்பின் பாதிக்கு மட்டும். சர்க்கரைப்பாகு கூடினால் புகை அமுங்கிவிடும். பிறகு மெஸ்கால் எதற்கு?