கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த குவார்ட்டர்பேக்குகள் என்எஃப்எல்லில் தோற்றுப்போவது ஏன்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்படும் குவார்ட்டர்பேக்குகளில் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்களில்) இத்தனை பேர் சில ஆண்டுகளில் காணாமல் போகிறார்களே, கோடிகளைக் கொட்டும் அணிகளுக்கு ஆளை எடைபோடத் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும், ஊர் அணியின் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள், அந்த அணி ஆரவாரத்தோடு எடுத்த பையன் தடுமாறிக்கொண்டிருப்பான், அலுவலகத்தில் யாரோ ஒருவர் 'பஸ்ட்' (எதிர்பார்த்தபடி தேறாதவன்) என்ற ஒற்றைச் சொல்லால் அவன் கதையை முடித்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அந்தச் சொல்லை ஹூஸ்டனில் ஐந்து ஆண்டுகள் விடாமல் கேட்டவன் நான். பொதுவாக இந்தத் தளத்தில் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவன், இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஒரு விளக்கம் தந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வகுப்பெடுக்க ஆள் வந்துவிடும். நான் இந்த ஆட்டத்தை ஒரு நாளும் ஆடியவன் அல்லன். விருதுநகர்ப் பக்கம் கிரிக்கெட்டும் கபடியும் பார்த்து வளர்ந்து, 1999-இல் வேலைக்காக ஹூஸ்டனுக்கு வந்தவன். ஊரின் பழைய அணியான ஆயிலர்ஸ் அதற்கு முன்பே டென்னசி மாநிலத்துக்குப் போய்விட்டிருந்தது, புதிய அணி வரும் என்று ஊரே காத்திருந்தது. 2002-இல் டெக்சன்ஸ் என்ற பெயரில் அது வந்தபோது, சக ஊழியர் ஒருவரோடு சேர்ந்து அந்தப் பருவம் முழுவதற்குமான சீட்டு வாங்கினேன். அரங்கத்தின் பெயர் அப்போது ரிலையன்ட் ஸ்டேடியம். அம்பானியின் ரிலையன்ஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ஊரிலிருந்து பேசிய உறவினர்கள் எல்லோருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

அந்த அணி தன் முதல் டிராஃப்டில், முதல் இடத்தில் எடுத்தவர் டேவிட் கார். ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்ற, பெரிய பெயர் இல்லாத கல்லூரி அணியை வைத்துக்கொண்டு 2001-இல் கொலராடோ, ஒரிகன் ஸ்டேட், விஸ்கான்சின் என்று அடுத்தடுத்துப் பெரிய அணிகளைச் சாய்த்தவர். நல்ல உயரம், வலுவான கை, மரியாதையான பேச்சு. அப்போது எட்டு வயதாகியிருந்த என் மகனுக்கு அவருடைய 8-ஆம் எண் ஜெர்சியைப் பேரங்காடி ஒன்றில் வாங்கினேன். அளவு பெரிதாக இருந்தது, முழங்கால் வரை தொங்கியது, அப்படியே போட்டுக்கொண்டு மீனாட்சி கோயிலுக்கும் வந்தான்.

2002 செப்டம்பர் 8, ஞாயிறு இரவு, அணியின் முதல் ஆட்டம், அதுவும் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக. எங்கள் அணி பந்தைக் கையில் வாங்கிய முதல் சுற்றிலேயே கார் 19 யார்டு எறிந்து டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) எடுத்துக் கொடுத்தார். 19-க்கு 10 என்று வென்றோம். புதிதாகப் பிறந்த ஓர் அணி தன் முதல் ஆட்டத்திலேயே வென்றது 1961-க்குப் பிறகு அதுவே முதல் முறை என்றார்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒலியெழுப்பிக்கொண்டே போயின. மகன் பின்னிருக்கையில் ஜெர்சியோடு தூங்கிப்போயிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கான என் பதில். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் எதிரணியினர் பாய்ந்து அவரைத் தரையில் சாய்ப்பதைச் சாக் என்பார்கள். அதைத் தடுக்க அவருக்கு முன்னால் ஐந்து மலைபோன்ற ஆட்கள் நிற்பார்கள், அவர்களில் இடப்பக்க ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டாக்கிள்தான், வலக்கையால் எறிபவரின் முதுகுக்குக் காவல். டெக்சன்ஸ் அந்த இடத்துக்கு ஜாக்சன்வில் அணியிலிருந்து டோனி பசெலி என்ற மிகச் சிறந்த வீரரை எடுத்து வைத்திருந்தது. ஆனால் அவர் தோள் காயத்தோடு வந்தவர், எங்கள் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்தையும் மற்ற இடங்களையும் கிடைத்தவர்களை வைத்து நிரப்பினார்கள். விளைவு, அந்த ஒரு பருவத்தில் கார் 76 முறை சாய்க்கப்பட்டார். 16 ஆட்டங்களில் 76 என்றால் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து. அதற்கு முந்தைய மோசமான சாதனை 1986-இல் ராண்டல் கன்னிங்ஹாம் பட்ட 72. காரின் 76 இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

எண்ணிக்கையாகப் படிப்பது வேறு, அருகிலிருந்து பார்ப்பது வேறு. எங்கள் இருக்கைகள் மேல்தளத்தில்தான். ஒரு ஞாயிறு மட்டும் சக ஊழியரின் நண்பர் ஒருவர் வரவில்லை என்று கீழே, களத்துக்குப் பக்கத்தில் உட்காரும் வாய்ப்புக் கிடைத்தது. எங்களுக்கு நேர் எதிரே கார் விழுந்தார். தோள்கவசங்கள் மோதும் ஓசை, நெல் மூட்டையை லாரியிலிருந்து கீழே போட்டதுபோல் கேட்டது. அவர் எழுந்து, தலைக்கவசத்தின் கம்பிகளுக்கிடையே சிக்கியிருந்த புல்லை விரலால் எடுத்து எறிந்தார், யாரையும் திட்டவில்லை, தன்னைக் காக்கத் தவறியவரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் அவருடைய தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனித்தேன். தூரத்தில் ஓடுகிற தம் ஆட்களைப் பார்க்க வேண்டிய கண்கள், தம்மை நோக்கி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாது, ஆனால் மிரளும் மாட்டைக் கட்டிக் கறந்த வீட்டில் பிறந்தவன், ஓர் உயிர் அடிக்குப் பழகும்போது எப்படி நிற்கும் என்று தெரியும்.

எந்த அளவுக்கு நிலைமை மோசம் என்றால், அந்த டிசம்பரில் பிட்ஸ்பர்க் போய் 24-க்கு 6 என்று வென்றோம், அந்த ஆட்டம் முழுவதும் எங்கள் தாக்குதல் அணி எடுத்தது மொத்தம் 47 யார்டு. டச்டவுன் மூன்றையும் தடுப்பு அணியே எடுத்தது. வென்றதற்காகக் கொண்டாடுவதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் தொலைக்காட்சியை அணைத்தேன்.

இதைப் படிக்கும்போதே சிலருக்கு ரையன் லீஃப் நினைவுக்கு வந்திருப்பார், தோற்ற குவார்ட்டர்பேக் என்றாலே அவர்தான் அளவுகோல். 1998-இல் பேட்டன் மேனிங்குக்கு அடுத்து, இரண்டாவதாக, சான் டியேகோ சார்ஜர்ஸ் எடுத்தவர். இருவரில் யார் முதலில் என்று டிராஃப்ட் நாள் வரை வாதம் நடந்தது. தன் மூன்றாவது ஆட்டத்தில் கேன்சஸ் சிட்டியில் 15 முறை எறிந்து ஒன்றே ஒன்றைத் தம் ஆளின் கையில் சேர்த்தார், கிடைத்தது 4 யார்டு. மறுநாள் கேமராக்களுக்கு முன்பாகவே ஒரு செய்தியாளரிடம் சீறினார். மொத்த வாழ்க்கையிலும் 14 டச்டவுன், 36 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்). அங்கே குணம்தான் காரணம் என்று சொன்னால் நான் மறுக்கவில்லை, பின்னாளில் அவரே தம் தவறுகளை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஓக்லண்ட் எடுத்த ஜமார்கஸ் ரசலுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். என் ஆட்சேபமெல்லாம், இந்த இருவரின் கதையை எடுத்து எல்லோர் தலையிலும் கட்டுவதில்தான். ஏனென்றால் அதே 1998-இல் மேனிங் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், அறிமுக ஆண்டு ஆட்டக்காரர்களில் அதைவிட மோசமாக எறிந்தவர் இல்லை, அணி 16-இல் 13 ஆட்டங்களைத் தோற்றது. முதல் ஆண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் மேனிங்கும் பஸ்ட்தான்.

டிராஃப்டின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு, அல்லது புதிதாக உருவான அணிக்கு, முதல் தேர்வு கிடைக்கும். ஆகவே, நாட்டிலேயே சிறந்தவன் என்று பெயரெடுத்த இருபத்திரண்டு வயதுப் பையன், நாட்டிலேயே பலவீனமான ஐந்து பேருக்குப் பின்னால் போய் நிற்கிறான். கல்லூரியில் அவனைச் சுற்றி எதிரணியைவிட நல்ல ஆட்கள் இருந்திருப்பார்கள், பந்தைப் பிடிக்க ஓடுகிறவன் இரண்டடி இடைவெளியோடு தனியாக நின்றிருப்பான். இங்கே அந்த இடைவெளி ஓர் உள்ளங்கை அளவு, அதுவும் இரண்டரை மூன்று வினாடிக்குள் மூடிவிடும். கிளீவ்லாண்ட் 1999-இல் மீண்டும் உயிர்பெற்றபோது முதலாவதாக எடுத்த டிம் கவுச், முதல் ஆண்டில் 56 முறை சாய்க்கப்பட்டார். அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கிறிஸ் பாமரைத்தான் மூன்று ஆண்டு கழித்து டெக்சன்ஸ் காருக்குத் தாக்குதல் பயிற்சியாளராக அமர்த்தியது! இதை அப்போதே அலுவலகத்தில் சொன்னேன், புதிதாக வந்தவனுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்கள் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில், 'மூன்று மணி நேர ஆட்டத்தில் பந்து ஓடுவது பத்துப் பதினைந்து நிமிடம், இதுவும் ஒரு ஆட்டமா' என்று கோயில் உணவகத்தில் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தில் இடையில் தேநீருக்கு வேறு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் கேட்கும் கேள்வியா இது? போகட்டும்.

காருக்கு நிலைமை நிலையாகத் திருந்தவே இல்லை. 2005-இல் மறுபடியும் 68 முறை விழுந்தார், அணி இரண்டே ஆட்டங்களை வென்றது. மகன் அப்போது நடுநிலைப்பள்ளி. வகுப்பில் பையன்கள் கேலி செய்கிறார்கள் என்று ஜெர்சியை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டான். அதோடு நிற்கவில்லை, எனக்கு எதிராக வாதாடவும் தொடங்கினான். "அப்பா, ஆள் வர்றது தெரியுதில்ல, பந்தைத் தூக்கி வெளியில எறியலாமே, ஏன் கையிலயே வெச்சிக்கிட்டு நிக்கிறார்?" என்பான். நியாயமான கேள்விதான், அந்தச் சாய்ப்புகளில் ஒரு பங்கு காரே வரவழைத்துக்கொண்டவை என்று விவரம் தெரிந்தவர்களும் சொன்னார்கள். 2006-இல் புதிய பயிற்சியாளர் கேரி கூபியக் வந்தபோது, பஃபலோ அணிக்கு எதிராகக் கார் தொடர்ந்து 22 எறிதல்களைத் தவறாமல் சேர்த்து, ஒரே ஆட்டத்துக்கான என்எஃப்எல் சாதனையைச் சமன் செய்தார். நான் துள்ளிக் குதித்தேன். மகன் அமைதியாக, அவற்றில் பெரும்பாலானவை பக்கத்தில் நிற்பவனுக்குத் தள்ளிவிட்ட குட்டி எறிதல்கள் என்றான். அந்த ஆட்டத்தையும் தோற்றோம். அவன் சொன்னது சரி என்று இன்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவனுக்கு அன்று பிடிபடாத ஒன்று உண்டு: தூரத்தைப் பார்க்கக் காத்திருந்த ஒவ்வொரு முறையும் அடிவாங்கியவன், பக்கத்தில்தான் எறிவான். 2007-இல் அணி அவரைக் கைவிட்டது. அதற்குள் ஐந்து ஆண்டுகளில் 249 முறை விழுந்திருந்தார். பிறகு கரோலினாவுக்குப் போனபோதும் காலை ஊன்றி நிற்க அவரால் முடியவில்லை.

வேறு விதமாக நடந்திருக்க முடியாதா என்றால், நடந்திருக்கிறது. 2005-இன் முதல் தேர்வான அலெக்ஸ் ஸ்மித்துக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர், ஆறு ஆண்டுகள் அவரையும் பஸ்ட் என்றே அழைத்தார்கள். 2011-இல் ஜிம் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக வந்தார், அதே ஆள் 13 ஆட்டங்களை வென்றார். அவரோடு அதே டிராஃப்டில் 24-ஆவதாகப் போன ஆரன் ராஜர்ஸ், கிரீன் பே அணியின் மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுக்கு மாற்று ஆளாக மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து பார்த்தார், அவசரப்படுத்த யாரும் இல்லை. நியூயார்க் ஜெட்ஸ் தூக்கியெறிந்த சாம் டார்னால்டு, 2024-இல் மினசோட்டாவில் 14 வெற்றிகளை எடுத்துக் கொடுத்தார். நீங்கள் சிகாகோக்காரராக இருந்தால் இதையும் கேளுங்கள்: கேலப் வில்லியம்ஸ் தம் முதல் ஆண்டில் 68 முறை விழுந்ததும், அந்த அணி பயிற்சியாளரை மாற்றியதோடு, அவருக்கு முன்னால் நிற்கும் வரிசைக்கும் புதிய ஆட்களைக் காசு கொடுத்துக் கொண்டுவந்தது. எங்கள் அணிக்கு 2003-இல் அந்தப் புத்தி வந்திருக்கலாம்.

நீ காரின் ரசிகன், அதனால் வக்காலத்து வாங்குகிறாய் என்று எழுதப்போகிறவர்களுக்கு, ஆம், ரசிகன்தான். வேறு குவார்ட்டர்பேக் அங்கே நின்றிருந்தால் தப்பித்திருப்பார் என்று நிரூபிக்கவும் முடியாது, தப்பித்திருக்க மாட்டார் என்று நிரூபிக்கவும் முடியாது.

காருக்கு டெரெக் என்றொரு தம்பி. அண்ணன் இங்கே ஆடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பகுதியான சுகர் லேண்டில், க்ளெமென்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியில் படித்தவர். அவரும் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டில் குவார்ட்டர்பேக்காகி 2014 டிராஃப்டுக்கு வந்தார். டெக்சன்ஸுக்குக் குவார்ட்டர்பேக் அவசியமாகத் தேவைப்பட்ட ஆண்டு அது. முதல் சுற்றில் வேறு ஒருவரை எடுத்தார்கள், இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில், 33-ஆவது தேர்வு வந்தபோதும் டெரெக் எஞ்சியிருந்தார். அந்தப் பெயரை இந்த ஊர் மறுபடி தாங்காது என்று அப்போது பேச்சு அடிபட்டது. கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மகனும் நானும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டெக்சன்ஸ் எடுத்தது குவார்ட்டர்பேக்கின் முன்னால் நின்று காக்கும் வரிசைக்கு ஓர் ஆளை. மூன்று இடம் தள்ளி டெரெக்கை ரெய்டர்ஸ் எடுத்தது, அங்கே அவர் ஒன்பது ஆண்டுகள் ஆடினார்.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்து, "பன்னெண்டு வருஷம் லேட்டுப்பா" என்றான். எழுந்துபோய் அந்த ஜெர்சியைத் தேடினோம், அலமாரியின் அடியில் இல்லை. என் மனைவி அதைக் கிழித்து வண்டி துடைக்கப் போட்டிருந்தார், 8-இல் பாதி மட்டும் கராஜில் கிடைத்தது.