அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் கேம்பர் வேன் பயணம்: கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், தெற்கே வாட்டர்சே முதல் வடக்கே லூயிஸ் முனை வரை சுமார் 200 கிமீ நீளத்துக்குக் கிடக்கும் தீவுத்தொடர் அவுட்டர் ஹெப்ரிடீஸ். அங்கே கேம்பர் வேனில் (படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) போய் நடக்கவும் பறவை, விலங்குகளைப் பார்க்கவும் விரும்பும் உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: தெற்கிலிருந்து தொடங்குவதா, வடக்கிலிருந்தா? எத்தனை நாள் வேண்டும்? கப்பலுக்கு எப்படிப் பதிவு செய்வது?

தெற்கிலிருந்து தொடங்குங்கள். ஓபன் துறைமுகத்திலிருந்து பாரா தீவின் காசில்பேவுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பாராவிலிருந்து எரிஸ்கேக்கு 40 நிமிடம். அங்கிருந்து சவுத் யூயிஸ்ட், பென்பெக்யூலா, நார்த் யூயிஸ்ட், பெர்னரே எல்லாமே கடல்மேல் போட்ட கல்பாதைகளால் இணைந்தவை. எரிஸ்கே பாதை 2001இல் வந்தது, பெர்னரே பாதை 1999இல். பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பரோவுக்கு ஒரு மணி நேரக் கப்பல். ஹாரிஸும் லூயிஸும் ஒரே நிலம்தான். கடைசியாக ஸ்டார்னவேயிலிருந்து அல்லபூலுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். ஆக நான்கு கப்பல். பத்து நாளுக்குக் குறைந்தால் கப்பலுக்கு ஓடுவதே வேலையாகிவிடும். இரண்டு வாரம் கிடைத்தால் நல்லது.

பெரும்பாலோர் ஓபன், அல்லபூல் கப்பல்களை மட்டும் பதிவு செய்துவிட்டு நடுவில் உள்ள இரண்டையும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இரண்டும் சிறிய கப்பல்கள். உயரமான வேன்களுக்கு இடம் குறைவு, கோடையில் முதலில் நிரம்புவதும் அவைதான். நான்கையும் சேர்த்துப் பதிவு செய்த பிறகுதான் தங்குமிடங்களைத் தேட வேண்டும்.

வேனின் நீளத்தை நீங்களே டேப் வைத்து அளந்து எழுதுங்கள். பின்னால் மாட்டிய சைக்கிள் ஸ்டாண்டும் இழுவைக் கொக்கியும் அதில் சேர்த்தி. உயரத்துக்குக் கூரைப் பெட்டியும் கணக்கு. வாடகை நிறுவனத்தின் தாளில் இருப்பது பல நேரம் வெறும் வண்டியின் அளவுதான். குறைத்துச் சொன்னால் துறைமுகத்தில் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படலாம்.

கப்பலில் ஏறும் முன் கேஸை அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டர் வால்விலேயே மூடுங்கள். திருட்டு அலாரத்தின் அசைவு உணரியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அலையாட்டத்தில் கத்திக்கொண்டே பேட்டரியைத் தின்றுவிடும். கப்பல் ஓடும்போது வண்டித் தளத்துக்குப் போக விடமாட்டார்கள். மாத்திரை, ஸ்வெட்டர், பைனாகுலர் மூன்றையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்று பலத்தால் கப்பல் ரத்தாவது இங்கே வழக்கம். ஊர் திரும்பும் விமானத்துக்கும் கடைசிக் கப்பலுக்கும் நடுவே முழுசாக ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமம் போதுமா?

போதும். உரிமம் செல்லுபடியாக இருந்தால், பிரிட்டனுக்குள் நுழைந்த நாளிலிருந்து 12 மாதம் வரை 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டலாம். சாலையில் இடப்பக்கம்தான், அதனால் பழகுவது கடினமில்லை. வாடகை நிறுவனம் குறைந்தபட்ச வயது, அனுபவம் என்று தனி நிபந்தனை வைக்கும், பணம் கட்டும் முன் கேளுங்கள்.

கேள்வி: ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் முகாமிடலாம் என்று சட்டமே இருக்கிறதாமே? கடற்கரைப் புல்வெளியில் வேனை நிறுத்தித் தூங்கலாமா?

கூடாது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை நடப்பவருக்கும் கூடாரக்காரருக்கும். மோட்டார் வண்டிக்கு அது பொருந்தாது. வேனில் இரவு தங்க நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும்.

நீங்கள் சொல்லும் புல்வெளிக்கு ‘மாக்கர்’ என்று பெயர். சிப்பித் தூள் கலந்த கடல்மணல் காற்றில் ஏறி, பல நூற்றாண்டாக உரமும் உழவும் கண்டு உருவான மேய்ச்சல் நிலம். மே முதல் ஆகஸ்ட் வரை பூத்துக் குலுங்கும். மேல்தோல் போன்ற வேர்ப் பின்னல்தான் அந்த மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. மூன்று டன் வண்டியின் சக்கரம் ஒருமுறை அதைக் கிழித்தால், குளிர்காலப் புயல் அந்தக் கிழிசலில் புகுந்து மணலை அள்ளிக்கொண்டு போய்விடும். அது ஒருவருடைய வயல் என்பதை மறக்க வேண்டாம். ஆலாவும் ஆள்காட்டியும் அதில்தான் தரையில் முட்டையிடுகின்றன.

மேற்கு ஹாரிஸில் உள்ளூர் அறக்கட்டளை வேன்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறது. கட்டணம் உண்டு, இடம் குறைவு. ஹார்கபோஸ்ட் கடற்கரையில் முகாம் திடல் இருக்கிறது. மற்ற தீவுகளிலும் சிறு திடல்கள் உண்டு. கோடையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

கழிப்பறைப் பெட்டி 17 முதல் 20 லிட்டர் பிடிக்கும், இருவருக்கு இரண்டு மூன்று நாள். அதைப் பொதுக் கழிப்பறையில் கொட்டக் கூடாது. தீவுகளில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். ஃபார்மால்டிஹைடு கலந்த நீல மருந்து உள்ளே இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், டேங்க் செத்துப்போகும். பச்சை மருந்தை வாங்குங்கள், அதையும் வேன்களுக்கென்றே உள்ள இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள்.

கேள்வி: ஒற்றைத்தடச் சாலையில் எதிரே வண்டி வந்தால்?

ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே போங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்குவார். வலப்பக்கம் வெட்டி நுழைவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. பின்னால் யாராவது வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும், அவர் வேலைக்கோ மருத்துவரிடமோ போகிறவராக இருக்கலாம். ஒதுங்குமிடம் வண்டி நிறுத்தவும் படம் எடுக்கவும் உள்ள இடமில்லை. சாலை ஓரப் புல் உறுதியாகத் தெரியும், அடியில் பீட் சேறு (மட்கிய தாவரம் படிந்த ஈரமண்). சக்கரம் இறங்கினால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும்.

ஆடு ஒருபக்கம், குட்டி மறுபக்கம் நின்றால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். குட்டி தாயிடம் குறுக்கே ஓடும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை எல்லாம் மூடியிருக்குமா?

லூயிஸ், ஹாரிஸ், நார்த் யூயிஸ்ட் மூன்றும் ஓய்வுநாளை அனுசரிக்கும் புராட்டஸ்டன்ட் ஊர்கள். கடைகளும் பெட்ரோல் பங்குகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். சவுத் யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கத் தீவுகள், அங்கே இந்தக் கண்டிப்பு இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் டீசல், தண்ணீர், ரொட்டி மூன்றையும் நிரப்பிவிடுங்கள். வேனுக்கு வெளியே துணி காயப்போடுவதையும் அன்று தவிர்ப்பது மரியாதை.

கேள்வி: இரண்டாம் நாள் காலையிலேயே ஹீட்டர் நின்றுவிடும் என்கிறார்களே, ஏன்?

டீசல் ஹீட்டர் பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். அப்போது மின்னழுத்தம் தாழ்ந்தால் தானே நின்றுவிடும். பழுது பெரும்பாலும் ஹீட்டரில் இல்லை, பேட்டரியில். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். ஃபிரிட்ஜ் நாளுக்கு 25 முதல் 30, ஹீட்டர் 10 முதல் 15, விளக்கும் போனும் 5. ஒரே நாளில் கணக்கு முடிந்தது. தீவில் ஒரு நாளைக்கு 30, 40 கிமீதான் ஓட்டுவீர்கள், அந்த ஓட்டம் பேட்டரியை நிரப்பாது. 100 வாட் சோலார் ஜூன் மாத வெயிலில் 25, 30 தரும், மப்பு போட்டால் பாதிகூட வராது. மூன்று இரவுக்கு ஒருமுறை மின் இணைப்புள்ள திடலில் தங்குங்கள். ஹீட்டரை வண்டி ஓட்டி நிறுத்திய கையோடு போட்டுவிடுங்கள்.

காற்றடிக்கும் இரவில் வேனின் மூக்கு காற்றை நோக்கி இருக்கட்டும். கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறவுங்கள், கீல் பிய்ந்துபோவது இங்கே சாதாரணம். மேலே எழும் துணிக்கூரை உள்ள வேன் என்றால் பலத்த காற்றுக்கு முன்பே அதை இறக்கிவிட்டுக் கீழே படுங்கள்.

கேள்வி: மிட்ஜ் பூச்சிக்கு நம்மூர்க் கொசுவலை போதுமா?

போதாது, அதன் கண்ணிகள் வழியே அது நுழைந்துவிடும். மிட்ஜுக்கென்றே விற்கும் நெருக்கமான வலை வேண்டும். காற்று மணிக்கு 11 கிமீக்கு மேல் வீசினால் அதனால் பறக்க முடியாது. ஈரமான பீட் நிலத்தில் பெருகுவதால் மாக்கரில் குறைவு, உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் அதிகம். விடியலும் அந்தியும்தான் மோசம். பிகாரிடின் கலந்த மருந்து பூசுங்கள்.

உண்ணிதான் உண்மையில் கவனிக்க வேண்டியது, லைம் நோயைப் பரப்பும். ஹெதர் புதரில் நடந்து வந்த ஒவ்வொரு மாலையும் முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், தலைமுடி ஓரம் பாருங்கள். உண்ணிக் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய் விடுவதும் சூடு வைப்பதும் கூடாது. சில வாரங்களுக்குள் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு வந்தால், ஊர் திரும்பிய பிறகானாலும், உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: நீர்நாயைப் பார்க்க எங்கே, எப்போது நிற்க வேண்டும்?

இடத்தைவிட நேரம் முக்கியம். கடல் நன்றாக வற்றி மறுபடி ஏறத் தொடங்கும் வேளையில், கடற்பாசி அடர்ந்த பாறைக் கரையைப் பாருங்கள். உப்பு ரோமத்தில் படிந்தால் குளிரைத் தடுக்காது என்பதால் நீர்நாய் நன்னீரில் குளித்தாக வேண்டும். ஓடை கடலில் சேரும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். கரையில் எருவிட்டதுபோல் பச்சைப்பசேலென்று ஒரு மேடு இருந்தால் அது எச்சமிடும் இடம்.

அதற்கு மூக்கு கூர்மை, தொலைவில் பார்வை மட்டு. காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். வானம் பின்னணியில் தெரியும்படி நிற்காதீர்கள். அது முங்கும்போது வால் மேலே எழும், அப்போது 20 நொடி கிடைக்கும், நகருங்கள். தலை தெரிந்தால் சிலையாகிவிடுங்கள். மீனோடு கரையேறினால் அதோடு போதும், கிட்டே போனால் இரையை விட்டுவிட்டு ஓடும். கல்பாதைகளில் நீர்நாய் கடக்கும் இடம் என்ற பலகை பார்த்தால் இருட்டும் நேரத்தில் மெதுவாகப் போங்கள்.

கேள்வி: கார்ன்கிரேக் பறவையையும் கழுகுகளையும் எங்கே பார்க்கலாம்?

நம் கானாங்கோழியின் குடும்பம். ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரல் பாதிக்கு மேல் வந்து சேரும். நார்த் யூயிஸ்டின் பால்ரனால்ட் சரணாலயம் நல்ல இடம். மே மாதம் போங்கள், புல் உயர்ந்துவிட்டால் குரல் மட்டும்தான். சீப்பின் பல்லை நகத்தால் வருடுவதுபோல் ‘கிரெக்ஸ் கிரெக்ஸ்’ என்று நள்ளிரவு தாண்டியும் கத்தும். போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம்.

ஹாரிஸின் மீவெய்க் பள்ளத்தாக்கில் சாலையிலிருந்து சுமார் 2 கிமீ நடந்தால் கழுகு நோக்கும் குடில் இருக்கிறது. பொன்னிறக் கழுகு மலைமுகட்டை ஒட்டிப் பறக்கும், வானத்தின் நடுவில் தேடாதீர்கள். அகன்ற கதவுப் பலகைபோல் சிறகும் குட்டை வெள்ளை வாலும் தெரிந்தால் வெண்வால் கடற்கழுகு. பிரிட்டனில் ஒருமுறை முற்றாக அழிந்த இனம் அது, 1975 முதல் ரம் தீவில் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

கேள்வி: கடல் வற்றும்போது வாலே தீவுக்கு மணலில் நடந்து போகலாமாமே?

போகலாம், நார்த் யூயிஸ்டிலிருந்து சுமார் 3 கிமீ. ஆனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். அங்கே மாளிகை கட்டிய எர்ஸ்கின் பெவரிஜின் மகனே அந்த மணலைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார்.

வற்று நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் கிளம்புங்கள். வற்று முடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பிக் கரையேறிவிட வேண்டும். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணை கிரீனிச் நேரத்தில் அச்சாகியிருக்கலாம், கோடையில் அதோடு ஒரு மணி கூட்ட வேண்டும். பலரும் தடுமாறுவது இதில்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் வெகுதூரம் வற்றும், அதே வேகத்தில் திரும்பியும் வரும். அஷ்டமியை ஒட்டி முழுதாக வற்றாமலே போகலாம். காற்றழுத்தம் 1 மில்லிபார் குறைந்தால் நீர் சுமார் 1 செமீ உயரும். புயல் சின்னம் நெருங்கும் நாளில் அட்டவணையை நம்பி இறங்க வேண்டாம். ஏறும் நீர் முன்னால் மட்டும் வராது, பள்ளக் கால்வாய்கள் வழியே பின்னாலும் சூழும்.

பாராவின் ட்ரா வோர் கடற்கரையே விமான ஓடுதளம், விமான நேரம் ஓதத்தைப் பொறுத்தது. விமானத்துக்குக் காற்றின் திசை காட்டும் துணிப்பை பறந்தால் மணலில் இறங்காதீர்கள்.

கேள்வி: கிளிஷம் மலை கடினமா?

799 மீட்டர், தீவுத்தொடரிலேயே உயரமானது. ஏ859 சாலையோரத்தில் நிறுத்திவிட்டு வடமேற்காக ஏறினால் போய்வர 3 முதல் 4 மணி நேரம். முதல் பாதி சதுப்பு, பாதை கலைந்து கிடக்கும், முழங்கால் வரை உறை மாட்டுங்கள். மேலே பாறைக் குவியல், மேகம் மூடினால் பத்தடி தெரியாது. தாள் வரைபடமும் திசைகாட்டியும் தேவை, போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

கேள்வி: செயின்ட் கில்டாவுக்கு வேனைக் கொண்டுபோக முடியுமா?

முடியாது. லெவர்பரோவிலிருந்து நாள்பயணப் படகு உண்டு. நார்த் யூயிஸ்டுக்கு மேற்கே சுமார் 64 கிமீ திறந்த கடலுக்கு அப்பால் உள்ள தீவுக்கூட்டம் அது. கடைசியாக இருந்த 36 பேர் 1930 ஆகஸ்ட் 29 அன்று ஊரைக் காலி செய்தார்கள். கடல் மோசமாக இருந்தால் படகு கிளம்பாது, கிளம்பினாலும் கரையிறக்கம் உறுதியில்லை. அதனால் மாற்று நாட்கள் கைவசம் இருக்கும்படி பயணத்தின் ஹாரிஸ் பகுதியைத் தளர்வாக வையுங்கள். பஃபின் என்ற கடற்பறவையைப் பார்க்க வேண்டுமானால் ஜூலைக்குள் போக வேண்டும், ஆகஸ்ட் தொடக்கத்திலேயே கடலுக்குத் திரும்பிவிடும். ஏறும் முன் காலணியையும் பையையும் சுத்தம் செய்யுங்கள், பையின் மூலைகளையும் உதறிப் பாருங்கள். ஒரு எலி அங்கே போய்ச் சேர்ந்தால் பொந்தில் கூடு வைக்கும் பறவைகள் தாங்காது.