கிளி உட்காரும் கம்பு: கேள்வி பதில்

வீட்டில் வளர்க்கும் கிளி இனங்களுக்குக் கம்பு தேர்ந்தெடுப்பது, கூண்டில் பொருத்துவது, நோய்ப்பட்ட பறவைக்கு ஏற்றபடி மாற்றுவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

மதுரையிலிருந்து: சார், இரண்டு பட்ஜி (சின்னக் கிளி வகை) வாங்கினேன். கூண்டோடு ஒரே தடிமனில் இரண்டு பிளாஸ்டிக் குச்சி தந்தார்கள். அதுவே போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

போதாது. கிளி தின்பது, தூங்குவது, இறகு கோதுவது எல்லாமே நின்றபடிதான். பாதத்துக்கு ஓய்வு என்பதே கிடையாது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல் உள்ள பாதம் அது. வழுவழுப்பான, ஒரே தடிமனுள்ள உருளையில் நின்றால் உடல் எடை நாள் முழுக்க உள்ளங்காலின் அதே இரண்டு மூன்று இடங்களில் விழும். அங்கே தோல் முதலில் மழமழவென்று ஆகும், அப்புறம் சிவக்கும், கடைசியில் புண்ணாகும். மரக்கிளையில் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே தடிமன் மாறிவிடும். கணு இருக்கும், வளைவு இருக்கும். பறவை நகர நகரப் பிடி மாறும், எடை விழும் இடமும் மாறும்.

பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டுக் குறைந்தது மூன்று இடம் அமைத்துக் கொடுங்கள். 10 மி.மீ. தடிமனில் ஒரு கிளை, 12 முதல் 15 மி.மீ. வரை ஏறி இறங்கும் இன்னொரு கிளை, 6 செ.மீ. அகலத்தில் ஒரு சின்னப் பலகை. பலகையில் நிற்கும்போது விரல்கள் மடங்காமல் விரிந்திருக்கும். அதுவே பாதத்துக்கு ஓய்வு மாதிரிதான்.

சேலத்திலிருந்து: எந்தப் பறவைக்கு எந்தத் தடிமன்? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பட்ஜிக்கு 10 முதல் 15 மி.மீ., காக்டெயிலுக்கு 15 முதல் 20, சன் கன்யூருக்கு 18 முதல் 25, ஆப்பிரிக்கன் கிரேவுக்கு 25 முதல் 38, பெரிய மக்காவுக்கு 40 முதல் 60. இது தொடங்குவதற்கான கணக்குதான். முடிவு சொல்ல வேண்டியது பறவையின் கால். அது நிற்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். விரல்கள் கம்பைச் சுற்றி மூன்றில் இரண்டு பங்கோ, முக்கால் பங்கோ பிடித்திருந்தால் சரியான அளவு. முன்விரலும் பின்விரலும் கீழே ஒன்றையொன்று தொட்டால் கம்பு ரொம்ப மெலிசு. நகம் உள்ளங்காலையே குத்தும். மேற்பரப்பில் விரல்கள் தட்டையாகவே கிடந்தால் ரொம்பத் தடி. கூண்டில் ஒன்றிரண்டு தடிக்கம்பு இருக்கலாம், தூங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

அளக்கக் கருவி இல்லையென்றால் கிளையைச் சுற்றி நூல் வைத்து, நூலின் நீளத்தை 3.14-ஆல் வகுங்கள். 63 மி.மீ. நூல் என்றால் 20 மி.மீ. கம்பு. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மி.மீ. கிரே வளர்ப்பவர்கள் தோட்டத்துக்குப் போகும்போது அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும்.

பொள்ளாச்சியிலிருந்து: தோட்டத்தில் கொய்யா, வேம்பு, முருங்கை, அரளி, மூங்கில் எல்லாம் இருக்கிறது. எதை வெட்டலாம்?

கண்ணை மூடிக்கொண்டு கொய்யாவை வெட்டுங்கள். கட்டை உறுதியானது, கிளைகள் கோணல்மாணலாக வளரும், மேல்பட்டை மெல்லிய தகடாக உரியும். உரித்துக் கடித்துக்கொண்டிருப்பதே கிளிக்குப் பொழுதுபோக்கு. வேம்பும் நல்லது. முருங்கைக் கிளை படக்கென்று ஒடியும்; கடித்து விளையாடப் போடலாம், நிற்க வைக்க வேண்டாம். மூங்கில் ஒரே தடிமன், வழுக்கும், கடித்தால் சிலாம்பு கிளம்பும். அரளியைத் தொடவே வேண்டாம். இலை, பட்டை, கட்டை எல்லாமே நஞ்சு. எருக்கு, ஊமத்தை, கள்ளி, காட்டாமணக்கு, அவகாடோ இவையும் கூடாது. பேர் தெரியாத மரம் என்றால், அதிலும் வெட்டினால் பால் வடிகிறதென்றால், விட்டுவிடுங்கள்.

மரத்தின் பேரைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு: அந்த மரத்துக்கு மருந்து அடித்திருக்கிறார்களா? கொய்யாவில் மாவுப்பூச்சி வரும் என்று தோப்புகளில் அடிப்பார்கள். மருந்து படாத வீட்டு மரம்தான் வேண்டும். பெரிய சாலையோர மரமும் வேண்டாம், புகையும் தூசியும் பட்டையில் படிந்திருக்கும்.

வெட்டிய கிளையில் இலை, சிம்பு எல்லாம் கழித்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேயுங்கள். சோப்பு போக அலசி, கொதிநீரை மேலே முழுக்க ஊற்றுங்கள். எறும்பும் பூச்சி முட்டையும் அதில் செத்துவிடும். பிறகு மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில், தினமும் புரட்டிப் போட்டு உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டினால் ஒரு வாரத்தில் பட்டைக்கு அடியில் பூஞ்சணம் பூக்கும். வெட்டு முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். பட்டையை உரிக்க வேண்டாம். பிடிமானமே அதில்தான் இருக்கிறது. வார்னிஷ், பெயிண்ட் எதுவும் கூடாது.

கோவையிலிருந்து: கிளையைக் கூண்டுக் கம்பியில் ஆடாமல் எப்படிப் பொருத்துவது? கம்பியால் கட்டினால் சுழல்கிறது.

ஹேங்கர் போல்ட் என்று கேளுங்கள். ஒரு பாதி மர ஸ்க்ரூ, மறுபாதி நட்டு ஏறும் மரை. 6 மி.மீ. தடிமன், 50 மி.மீ. நீளம் போதும். கிளையின் வெட்டு முகத்தில் நடுமையத்தில் 4.5 மி.மீ. டிரில் பிட்டால் 25 மி.மீ. ஆழத்துக்குத் துளை போடுங்கள். துளை போடாமல் நேரே திருகினால் கிளை வெடிக்கும், அந்த வெடிப்பில் நகம் மாட்டும். போல்ட்டின் மரைப் பக்கம் இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கி, வெளிநட்டில் ஸ்பேனர் வைத்துத் திருகினால் போல்ட் உள்ளே போகும். பிறகு நட்டுகளைக் கழற்றிவிட்டு 30 மி.மீ. அகல வாஷர் ஒன்றைப் போட்டுக் கூண்டுக் கம்பிகளுக்கு இடையே போல்ட்டை நுழைத்துவிடுங்கள். வெளிப்பக்கம் இன்னொரு வாஷர், அதன்மேல் காது வைத்த விங் நட். சின்ன வாஷர் போட்டால் கம்பி இடைவெளிக்குள்ளேயே நுழைந்துவிடும், கிளை ஆடும்.

எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். துத்தநாக முலாம் பூசிய நட்டை நக்கியும் கடித்தும் கிளிக்குத் துத்தநாக நஞ்சேறும். காந்தம் பலமாக ஒட்டிக்கொள்ளும் நட்டு, வாஷரை வாங்காதீர்கள்.

டிரில் இல்லாத வீட்டில் கிளையைக் கூண்டின் உள் அகலத்தைவிட ஒரு செ.மீ. நீளமாக வெட்டி, இரு முனையிலும் ரம்பத்தால் 8 மி.மீ. ஆழக் காடி எடுத்து, காடியைக் கம்பியில் கவ்வ விடலாம். பட்ஜி, காக்டெயிலுக்கு அது தாங்கும். கிரே எடைக்குத் தாங்காது.

திருநெல்வேலியிலிருந்து: நகம் தேயும் என்று மணல்தாள் ஒட்டிய குச்சி விற்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கம்பில் அழுந்தி நிற்பது உள்ளங்கால். மணல்தாள் தேய்ப்பதும் அதைத்தான். நகநுனி அதில் படுவதே குறைவு. சொரசொரப்பான சிமெண்ட் பெர்ச் (உட்காரும் கம்பு) ஒன்றைத் தீனிக் கிண்ணத்துக்கு முன்னால் வைக்கலாம். தின்னும் நேரம் மட்டும் அதில் நிற்கும், நகம் மெல்லத் தேயும். தூங்கும் இடத்தில் வைத்தால் அதுவும் மணல்தாள் செய்கிற கெடுதலையே செய்யும்.

திருச்சியிலிருந்து: நூல்கயிறு பெர்ச் மெத்தென்று இருக்கிறதே, நல்லதுதானே?

காலுக்கு நல்லதுதான், ஆபத்து நூலில் இருக்கிறது. கடித்துப் பிரித்த இழையை விழுங்கினால் இரைப்பையில் சேர்ந்து அடைக்கும். தொங்கும் இழை விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். தேங்காய்நார்க் கயிற்றுக்கும் இதே எச்சரிக்கைதான், நைலானை நினைக்கவே வேண்டாம். தினமும் பார்த்துப் பிசிறைக் கத்தரியுங்கள். கயிறு கடிக்கும் பறவை என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

சென்னையிலிருந்து: என் சன் கன்யூர் ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. உள்ளங்கால் சிவந்து பளபளக்கிறது. கம்பை மாற்றினால் சரியாகிவிடுமா?

மெல்லிய துண்டில் சுற்றிப் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். நலமான உள்ளங்காலில் பொடிப்பொடியாகப் புள்ளி மேடுகள் தெரியும். அவை மழுங்கிச் சிவப்பு மட்டும் இருந்தால் ஆரம்ப நிலை. கருத்த பொருக்கோ, வீக்கமோ, சூடோ இருந்தால் அது பாதப் புண். அன்றைக்கே பறவைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். மனிதர்களுக்கான களிம்பைத் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசை இறகில் ஏறும், பறவை அதை நக்கும்.

ஆரம்ப நிலை என்றால் கம்புகளின் மேல் தன்னோடு தானே ஒட்டும் கட்டுத்துணியை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மருந்துக்கடையில் கோஹெசிவ் பேண்டேஜ் என்று கேட்டால் தருவார்கள். எச்சம் பட்டதும் மாற்றிவிட வேண்டும், அழுக்கான மெத்தை புண்ணில் கிருமியைத்தான் ஏற்றும். அதை உரித்துத் தின்கிற பறவைக்கு இது ஆகாது. தட்டைப் பலகை ஒன்றும் சேர்த்து வையுங்கள். நோகாத காலையும் மறக்காதீர்கள். எடை முழுதும் இப்போது அதன்மேல்தான். அடுத்த புண் அங்கேதான் வரும்.

கம்பு மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டும் தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறைந்து தோல் வலுவிழக்கும். உடல் பருமனும் பாதத்தை அழுத்தும். கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, வேகவைத்த சர்க்கரைவள்ளி கொடுத்துப் பழக்குங்கள். விதையைக் குறைக்காமல் கம்பை மட்டும் மாற்றினால் புண் திரும்பி வரும்.

தஞ்சாவூரிலிருந்து: காக்டெயிலுக்கு வயதாகிவிட்டது. கால் விறைத்து, இரவில் கம்பிலிருந்து விழுகிறது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கூண்டை உயரத்தில் அமைக்காமல் அகலத்தில் அமையுங்கள் அம்மா. எல்லா இடத்தையும் தாழ்த்திவிடுங்கள். தூங்கும் பலகை தரையிலிருந்து 10 செ.மீ., அகலம் 8 முதல் 10 செ.மீ., முன்விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிடுங்கள். அதற்கு ஏற ஒரு சாய்வுப் பலகை, குறுக்கே இரண்டு செ.மீ.க்கு ஒரு மெல்லிய சட்டம். இரண்டின் மேலும் கட்டுத்துணியைச் சுற்றினால் வழுக்காது. அடித்தட்டில் துண்டை மடித்து விரித்து, மேலே காகிதம் போடுங்கள், விழுந்தாலும் அடிபடாது. தீனியும் தண்ணீரும் பலகையில் நின்றபடியே எட்ட வேண்டும். ஒற்றைக் கால் பறவைக்கும், இறகு வெட்டிய பறவைக்கும் இதே ஏற்பாடுதான். பார்வை போன பறவை என்றால் அமைத்த பிறகு எதையும் இடம் மாற்றாதீர்கள்.

பலகையில் எச்சம் வழிந்து விழாமல் தேங்கும். தினமும் துடைக்க முடியுமென்றால் மட்டும் பலகை வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து: புதுக் கொய்யாக் கம்பைக் கண்டு கன்யூர் அலறுகிறது. உட்காரவே இல்லை.

பழைய கம்பைக் கழற்றாதீர்கள். புதியதை மூன்று நான்கு நாள் கூண்டுக்கு வெளியே, கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். பிறகு உள்ளே தாழ்வான இடத்தில் மாட்டி, பக்கத்தில் ஒரு தினைக்கதிரைக் கட்டுங்கள். மேலேயுள்ள தூங்கும் கம்பைக் கடைசியாக மாற்றுங்கள். கிளி உயரத்தில்தான் தூங்கும், அங்கே கைவைத்தால் இரவெல்லாம் மிரளும்.

மாட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தீனிக்கும் தண்ணீருக்கும் நேர்மேலே கம்பு வரக் கூடாது. ஒரு கம்புக்கு நேர்கீழே இன்னொன்றும் கூடாது. திரும்பினால் வால் கம்பியில் உரசாத இடைவெளி இருக்கட்டும்.

பெங்களூரிலிருந்து: ஆப்பிரிக்கன் கிரே கொய்யாக் கம்பை மாதம் ஒன்று கடித்துத் துண்டாக்குகிறது.

கடிப்பது அதன் இயல்பு. தடுக்காதீர்கள், பிரித்துக் கொடுங்கள். கடிக்க முருங்கை, நிற்கக் காப்பிக் கட்டை. ஏற்காடு, குடகுப் பக்கம் தோட்டங்களில் பழைய காப்பிச் செடியைப் பிடுங்கிப் போடுவார்கள். கட்டை நல்ல வைரம், கிளை அமைப்பும் அழகு. தண்டுத் துளைப்பானுக்காகத் தண்டில் மருந்து பூசியிருக்கலாம் என்பதால் இதற்கு மட்டும் பட்டையை முழுக்கச் சீவிவிட வேண்டும்.

விருதுநகரிலிருந்து: மரத்திலிருந்து விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சை வளர்க்கிறோம். என்ன கம்பு வைக்கலாம்?

கம்பு வைக்க வேண்டாம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நல்லெண்ணத்தோடு வளர்த்தாலும் சட்டம் அதுதான். கொண்டுபோகும் வரை அட்டைப்பெட்டியில் சொரசொரப்பான துணியை விரித்து வையுங்கள். வழுக்கும் செய்தித்தாளில் வைத்தால் குஞ்சின் கால் அகன்று கோணிவிடும்.

புதுச்சேரியிலிருந்து: கம்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? பினாயில் போடலாமா?

பினாயில் கூடாது, டெட்டாலும் கூடாது. எச்சத்தைத் தினமும் ஈரத்துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை கழற்றி, சூடான சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து அலசி வெயிலில் போடுங்கள். உலரும் வரை மாட்ட இன்னொரு செட் தயாராக இருக்க வேண்டும். கழுவிக் காய்ந்த பிறகும் வாடை அடித்தாலோ, நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருந்தாலோ அதைத் திரும்ப மாட்டாதீர்கள், புதுக்கிளை வெட்டுங்கள்.