37.5 டிகிரி போன்

ஜப்பானில் ஏப்ரல் மாதம் ஹோய்குஎன் எனும் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்த ஒன்றேகால் வயது மகளுக்கு வாரம் தவறாமல் காய்ச்சல், அலுவலகத்தில் முகம் காட்ட முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் முதல் வருடம் இதே கதைதான். வெப்பமானி 37.5 டிகிரியைத் தாண்டினால் போன் வந்துவிடும். போய்ப் பார்த்தால் பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். வாதாடிப் பயனில்லை.

மகள் நன்றாக இருக்கும் நாளிலேயே நகராட்சி அலுவலகத்தில் 'பியோஜி ஹோய்கு' பற்றிக் கேளுங்கள். உடம்பு சரியில்லாத குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பல ஊர்களில் குழந்தைகள் மருத்துவமனையை ஒட்டியே இருக்கும். பெரும்பாலும் முன்பே பெயர் பதிந்திருக்க வேண்டும். நான் பதியாமல் போய், இடுப்பில் கொதிக்கும் பிள்ளை, கையில் பேனா, வீட்டு முகவரியைக் 'காஞ்சி' என்னும் ஜப்பானியச் சித்திர எழுத்தில் எழுதத் தெரியாமல் நின்றிருக்கிறேன். (நம் ஊர்க் கஞ்சியாக இருந்தாலாவது ஊட்டியிருக்கலாம்.)

அப்புறம் விடுப்பு. 'கான்கோ கியூகா' என்று கேளுங்கள், உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எடுக்கும் விடுப்பு அது. சட்டப்படி ஒரு குழந்தை இருந்தால் வருடத்துக்கு 5 நாள், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 நாள். மணிக்கணக்கிலும் எடுக்கலாம். சம்பளம் உண்டா இல்லையா என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. உங்கள் கணவருக்கும் இது தனியாக உண்டு. எங்கள் அலுவலகத்தில் யாரும் எடுத்ததில்லை என்பார், விடாதீர்கள்.

இரவில் காய்ச்சல் ஏறி, மருத்துவமனைக்கு ஓடுவதா வேண்டாமா என்று குழம்பினால் #8000 என்ற குழந்தைகள் மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழையுங்கள். பேச்சு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். எத்தனை டிகிரி, எப்போதிலிருந்து, தண்ணீர் குடிக்கிறாளா என்ற மூன்று வாக்கியங்களை இன்றே எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.